காருக்கு அடியில இருக்கு விஷயம்

எஃப்1 கார் ரேஸ் விதிய ஏன் மாத்திக்கிட்டே இருக்காங்கன்னு தண்டையார்பேட்டை தம்பிங்க கேக்குறாங்க. காருக்கு அடியில பாருங்கப்பா.

2022-ல கிரவுண்ட் எஃபெக்ட் திரும்ப வந்துச்சு. அடியில காத்து வேகமா ஓடினா அழுத்தம் குறைஞ்சு கார் தரையோட ஒட்டும். ரொம்ப இறங்கினா காத்துக்கு வழி அடைபடும், பிடி விட்டுப்போய் கார் எழும்பும். காத்து மறுபடி ஓடும், மறுபடி இறங்கும். எண்ணூர் ரோட்டுப் பள்ளத்துல காலி கன்டெய்னர் லாரி குதிக்குமே, அதை 300 கிலோமீட்டர் வேகத்துல நினைச்சுப் பாருங்க. டிரைவர் முதுகு என்னத்துக்கு ஆகும்? அந்த வருஷமே பெல்ஜியம் ரேஸ்லேர்ந்து விதி போடுற அமைப்பான எஃப்ஐஏ குதிப்புக்கு வரம்பு வச்சுது. 2023-ல ஃப்ளோர், அதாவது காரோட அடித்தளம், அதோட ஓரத்தை 15 மி.மீ. தூக்கச் சொல்லுச்சு. சில டீம் எதிர்த்துச்சு. ஆனா பாதுகாப்புன்னா எல்லார் சம்மதமும் தேவையில்ல, அதுதான் நியாயம்.

கார் ரொம்ப இறங்கி ஓடக்கூடாதுன்னு அடியில ஒரு பலகை உண்டு, ரோட்டுல உரசினா தேயும். அந்த அடிப்பலகை 10 மி.மீ. தடிமன். ரேஸ் முடிஞ்சு பலகையில இருக்குற துளைகிட்ட அளக்கும்போது 9-க்குக் கீழ போகக்கூடாது. 2023-ல அமெரிக்காவோட ஆஸ்டின் ரேஸ்ல ஹாமில்டன், லெக்லெர்னு ரெண்டு டிரைவரும் தகுதி இழந்தது இதாலதான். ஸ்பிரின்ட்ங்கிற குட்டி ரேஸும் சேர்ந்த வாரம், ஒரே ஒரு பயிற்சி, மேடுபள்ளமான டிராக். உயரத்தைச் சரிபார்க்க நேரமே பத்தல.

2026 விதியில ஃப்ளோர் ஓரளவு தட்டையாகுது, முந்துறதுக்காகப் பின் இறக்கையைத் திறக்குற டிஆர்எஸ்ஸும் போகுது.