தம் கட்டாமல் ட்ரம்பெட்: எட்டு மாதக் குறிப்பு

ஆகஸ்ட் 14 ராத்திரி எங்கள் பங்குக் கோயிலில் மாதா தேர்ப்பவனி. நாலு தெரு சுற்றி வர ஒன்றரை மணி நேரம் ஆகும். பேண்டில் ட்ரம்பெட் ஊதிக்கொண்டே மூன்றாவது தெருவில் திரும்பும்போது என் உதடு நின்றுவிட்டது. விரல் வால்வை அமுக்குகிறது, காற்று போகிறது, சத்தம் மட்டும் இல்லை. 'ஸ்ஸ்' என்று வெறும் காற்று. பக்கத்தில் கிளாரினெட் வாசித்த அண்ணன் ஒன்றும் சொல்லாமல் என் பாகத்தையும் சேர்த்து வாசித்துக்கொண்டே நடந்தார். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் மேலுதட்டில், வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸின் விளிம்பு முழு வட்டமாகப் பதிந்து கிடந்தது. மறுநாள் காலைத் திருப்பலி முடிந்த பிறகும் அந்தத் தழும்பு லேசாகத் தெரிந்தது.

எனக்கு 36 வயது. பதினாலு வயதில் பேண்டு செட்டில் சேர்ந்து ட்ரம்பெட் பிடித்தேன். இருபதில் வேலைக்குப் போனதும் விட்டுவிட்டு, மூன்று வருஷம் முன்புதான் மறுபடி எடுத்தேன். சின்ன வயதில் எங்களுக்குக் கிடைத்த பாடம் ஒன்றே ஒன்று: "தம் பிடிச்சு ஊது." மேல் ஸ்வரம் வரவில்லையா, இன்னும் தம் பிடி, இன்னும் அழுத்து. அந்த வயதில் அது ஓடியது. இப்போது ஓடவில்லை. பவனி முடிந்த மறுவாரமே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஊதுவதை முதலிலிருந்து கற்றுக்கொள்வது என்று ஆரம்பித்தேன். அந்த நோட்டில் இருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அளவுகோல் ஒன்று வேண்டும் அல்லவா? அந்தத் தழும்பையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். இருபது நிமிஷம் ஊதிவிட்டு, உதட்டில் வட்டம் மறைய எத்தனை நிமிஷம் ஆகிறது என்று குறிப்பது. ஆகஸ்ட் 20: 45 நிமிஷம்.

பயிற்சிக்கு இடம் மதுரை ஆனைமலை அடிவாரம். ஒத்தக்கடையில் வீடு என்பதால் நரசிங்கம் போகிற பக்கம் பைக்கில் ஐந்து நிமிஷம். காலை 5:40க்குப் போனால் ஆள் நடமாட்டம் குறைவு. எதிரே படுத்த யானை மாதிரி ஒரே பாறையாக மலை கிடக்கிறது. அதைப் பார்த்து ஊதினால் சத்தம் திரும்பி வரும். மொட்டை மாடியில் ஊதும்போது என் சத்தம் எனக்கே சரியாகக் கேட்டதில்லை. இங்கே பாறை கேட்டுத் திருப்பிச் சொல்கிறது.

முதல் இரண்டு வாரம் நான் செய்தது தப்பு. அழுத்தாமல் ஊத வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, மெதுவாக, பயந்து பயந்து ஊதினேன். காற்றும் குறைந்தது, சத்தமும் செத்தது. இளக்கமாக ஊதுவது வேறு, சோர்வாக ஊதுவது வேறு என்று அப்போது தெரியவில்லை.

திருப்பம் எங்கள் தெருவிலேயே கிடைத்தது. ரெண்டு வீடு தள்ளி ஒரு நாதஸ்வர வித்துவான் இருக்கிறார். எழுபது தாண்டியவர். கச்சேரிக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஆனால் சாயங்காலம் திண்ணையில் நாதஸ்வரத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதில் தொங்கும் சீவாளிக் கொத்தை (சீவாளி என்பது வாயில் வைத்து ஊதும், அதிரும் நாக்கு) ஒவ்வொன்றாக எடுத்து வாயில் நனைத்து, ஊதிப் பார்த்து, மறுபடி தொங்க விடுவார். எல்லாம் திருவாவடுதுறையிலிருந்து வந்தவை, கொறுக்கை என்ற நாணல் தட்டையில் செய்தவை. நான் ட்ரம்பெட்டோடு போய் உட்கார்ந்து என் கஷ்டத்தைச் சொன்னேன். "ஊது, பாப்போம்" என்றார். மேல் ஜி என்கிற உச்ச ஸ்வரம் வரைக்கும் ஏறினேன். கழுத்து நரம்பு புடைத்திருக்க வேண்டும். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"தம்பி, இதுல சீவாளி எங்க இருக்கு?"

"இதுல சீவாளி கிடையாதுங்கய்யா. உதடுதான் அதிரணும்."

"அப்ப உதடுதானே சீவாளி? சீவாளியப் போட்டு இப்படி நசுக்குனா அது எப்படிப் பேசும்?"

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னுடையது பி ஃபிளாட் சுருதி ட்ரம்பெட். சுருட்டியிருக்கும் குழாயை நீட்டினால் ஏறக்குறைய நாலே முக்கால் அடி நீளம். அதன் நடு சி நொடிக்கு 466 அதிர்வு. மேல் ஜி 698. அதாவது மேல் ஜி ஊதும்போது என் உதடு ஒரு நொடியில் ஏறக்குறைய 700 தடவை திறந்து மூடுகிறது. 16 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் இருக்கும் ஒரு துளி சதை. அதைப் பல்லுக்கும் உலோகத்துக்கும் நடுவில் வைத்து நான் அமுக்கினால் ரத்த ஓட்டம் நிற்கும், சதை மரத்துப்போகும், அப்புறம் எங்கே அதிர்வது? பவனியில் நடந்தது அதுதான். இத்தனை வருஷமாக உச்ச ஸ்வரத்துக்கு அழுத்தம்தான் வழி என்று நினைத்தேன். உண்மையில் அதிர வேண்டியதை நானே கட்டிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, அழுத்தத்தைக் குறைத்தால் அந்த இடத்தில் எது வர வேண்டும்? காற்று. இங்கேதான் 'தம்' வில்லனாக வந்து நின்றது.

செல்போனை பைக் சீட்டில் வைத்து நான் ஊதுவதைப் பதிவு செய்தேன். மெதுவாக ஓட்டிக் கேட்டபோது ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முன்னால் தொண்டையில் 'ங்க்' என்று ஒரு சின்னச் சத்தம். நாலு தடவை கேட்ட பிறகு புரிந்தது. நான் மூச்சை இழுக்கிறேன், இழுத்த மூச்சைத் தொண்டையை மூடி ஒரு கணம் பிடிக்கிறேன், அப்புறம் திறந்து விடுகிறேன். பாரம் தூக்கும்போது தம் கட்டுவோமே, அதேதான். மூடிய தொண்டையோடு தோள் இறுகும், தோளோடு கை இறுகும், கை இறுகினால் மவுத்பீஸ் உதட்டில் போய் முட்டும். எல்லாம் ஒரே சங்கிலி. உதட்டை மட்டும் தனியாகச் சரிசெய்ய முடியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

இதை உடைக்க எனக்கு உதவியது ஒரே ஒரு சொல்: அப்பாடா. வேலை முடித்து வந்து நாற்காலியில் விழும்போது 'அப்பாடா' என்று ஒரு மூச்சு போகுமே, அதைக் கவனித்துப் பாருங்கள். உள்ளே போன காற்று எங்கேயும் நிற்பதில்லை. போன வேகத்தில் அப்படியே திரும்பி வருகிறது. தோள் தானாக இறங்குகிறது, தொண்டை அகலமாகத் திறந்திருக்கிறது. செப்டம்பர் முழுக்க ட்ரம்பெட்டைத் தொடுவதற்கு முன் பத்து அப்பாடா. அதன் பிறகு தினசரி காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துச் சுவரில் வைத்து, ஒரு சாண் தூரத்தில் நின்று ஊதி, அது விழாமல் பிடித்து வைப்பது. காற்று விட்டு விட்டு வந்தால் தாள் சரிந்துவிடும், ஒரே சீராக வந்தால் ஒட்டி நிற்கும். ஆரம்பத்தில் 4 நொடி. அக்டோபர் கடைசியில் 13. வீட்டில் முந்தின நாள் தாள் எல்லாம் இதற்கே போனது. ராசிபலன் படிக்க அம்மா தேடுவார்.

அப்புறம் சுண்டு விரல். ட்ரம்பெட்டில் வலது கை சுண்டு விரலுக்கு ஒரு கொக்கி உண்டு. அதில் விரலை மாட்டிக்கொண்டால் நம்மை அறியாமலே கருவியை முகத்துக்கு இழுப்போம். நான் விரலைக் கொக்கியிலிருந்து எடுத்து மேலே சும்மா வைத்தேன். முதல் நாள் நடு சிக்கு மேல் ஒன்றுமே வரவில்லை. அன்றுதான் என் உச்ச ஸ்வரமெல்லாம் அந்த ஒரு விரலால் வந்தது என்று தெரிந்தது. மனசு ரொம்பவே உடைந்தது. ஆனாலும் கொக்கிக்குத் திரும்பவில்லை. ஆறு வாரத்தில் 'இ' ஸ்வரம் வந்தது. எட்டாவது வாரம், நவம்பர் நடுவில், மேல் ஜி வந்தது. சின்னதாக, மெல்லிசாக, ஆனால் சுத்தமாக. பாறையும் அதைச் சுத்தமாகத் திருப்பிக் கொடுத்தது. அன்று வட்டம் மறைய 18 நிமிஷம்.

டிசம்பர் பக்கத்தில் சந்தோஷமாக எழுத ஒன்றும் இல்லை. கேரல் ரவுண்டு. ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பி வீடு வீடாகப் போய், பன்னிரண்டுக்கு முடியும். காதுக்கு நேராக பாஸ் டிரம். என் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றதும் கை தானாகக் கொக்கிக்குப் போனது, தம் கட்டியது, அழுத்தியது. மூன்றாவது நாள் வட்டம் பழையபடி 40 நிமிஷம். நாலாம் நாள் மேலுதடு வீங்கி நடுவில் வலி. அன்றே நிறுத்திவிட்டேன். மீதி நாட்கள் பாடல் புத்தகத்தைச் சுமந்துகொண்டு கூடவே போனேன். லூயி ஆம்ஸ்ட்ராங் மாதிரி ஒரு மகா ஜாஸ் ட்ரம்பெட் கலைஞரே உச்ச ஸ்வரங்களை ஊதி ஊதி உதட்டைப் புண்ணாக்கிக்கொண்டு 1930களில் வாசிப்பை நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டி வந்தது. வாயைச் சுற்றியுள்ள தசை கிழிவதற்கு டாக்டர்கள் அவருடைய செல்லப்பெயரையே வைத்திருக்கிறார்கள். வலித்தால் கருவியைக் கீழே வைக்க வேண்டும். இதில் எனக்கு வேறு கருத்தே இல்லை.

பொங்கல் முடிந்து மறுபடி ஆரம்பித்தபோது ஒரு வழக்கத்தைக் கூட்டிக்கொண்டேன்: எவ்வளவு நேரம் ஊதுகிறேனோ அவ்வளவு நேரம் ஓய்வு. ஒரு வரி ஊதினால் ஒரு வரி மௌனம். அந்த மௌன நேரத்தில் அடுத்த வரியைப் பாடுவேன். இதுவும் வித்துவான் ஐயா சொன்னதுதான். "வாயில வராதது வாத்தியத்துல வராது" என்பார். அவர்கள் வழியில் பாட்டு முதலில், வாத்தியம் பிறகு. சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் 1944 முதல் 1988 வரை ட்யூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை வாசித்த ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் என்ற பெரிய ஆசிரியர் தன் பாடம் முழுவதையும் பாட்டு, காற்று என்ற இரண்டு சொல்லில் அடக்கினார் என்று பின்னால் படித்தேன். ஒத்தக்கடைத் திண்ணையும் அதையேதான் சொன்னது.

பாடிப் பார்த்ததில் நாக்கின் வேலையும் பிடிபட்டது. வால்வைத் தொடாமல் கீழ் சி, ஜி, நடு சி, இ, மேல் ஜி என்று ஐந்து ஸ்வரமும் ஊதலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நழுவுவதுதான் பயிற்சி. உதட்டைக் கிள்ளி ஏறினால் அது அடைபட்ட சத்தம். வாய்க்குள் 'ஆ' சொல்லிக்கொண்டு தொடங்கி, ஏறும்போது 'ஈ' சொல்கிற மாதிரி நாக்கின் நடுப்பகுதியை உயர்த்தினால் ஸ்வரம் தானாக வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. தோட்டத்து ஹோஸ் குழாய் வாயில் கட்டை விரலை வைத்தால் தண்ணீர் சீறுமே, அந்த மாதிரி வாய்க்குள் வழி குறுகிக் காற்று வேகமெடுக்கிறது. ஆ-ஈ-ஆ-ஈ என்று தினமும் பத்து நிமிஷம், மெதுவாக. பிப்ரவரி முழுக்க இதுதான், வேறு எதுவும் இல்லை. இந்த எட்டு மாதத்தில் ஒரே ஒரு பயிற்சியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

நடுவில் புது மவுத்பீஸ் வாங்கலாமா என்று ஆசை வந்தது. சேர்த்து வைத்த காசும் இருந்தது. ஆனால் கையிலிருக்கும் 7சி அளவு மவுத்பீஸில் இன்னும் கற்க வேண்டியது மிச்சம் இருக்கும்போது மாற்றினால் எது எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும். வாங்கவில்லை. வால்வு ஆயில் மட்டும் வாரம் இரண்டு முறை விட்டேன். வால்வு சிக்கினால் விரல் இறுகும், விரலோடு மற்றதெல்லாம் இறுகும். மார்ச் வெயிலில் இன்னொன்றும் கவனித்தேன். காற்று சூடாகச் சூடாகக் கருவியின் சுருதி ஏறுகிறது. காலையில் சரியாக இருந்த சுருதி மதியம் தூக்கிக்கொண்டு நிற்கும். முன்பெல்லாம் அதை உதட்டால் இழுத்துப் பிடிப்பேன். இப்போது சுருதி சேர்க்கும் நகர்குழாயான ட்யூனிங் ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிடுகிறேன். உதட்டுக்கு ஒரு வேலை மிச்சம்.

ஈஸ்டர் திருவிழிப்பு. வாத்தியங்கள் ஓய்ந்திருந்து, நள்ளிரவுக்குச் சற்று முன் 'உன்னதங்களிலே' பாடலுக்கு மணி, பேண்டு எல்லாம் ஒன்றாக வெடிக்கும் நேரம். என் கை ஈரமாக இருந்தது. சுண்டு விரலை எடுத்து மேலே வைத்தேன். ஒரு அப்பாடா. மேல் ஜி மூன்று இடத்தில் வருகிறது. முதல் இரண்டும் நன்றாக வந்தன. மூன்றாவது இடத்தில் பயந்து தொண்டையை மூடினேன், ஸ்வரம் உடைந்தது. அடுத்த வரியில் மறுபடி மூச்சைத் திறந்துவிட்டதும் கூட சேர்ந்துகொண்டேன். பழைய நாளாக இருந்தால் அந்த ஒரு உடைசலோடு பாட்டு முழுக்கப் போயிருக்கும். திருப்பலி முடிந்து பவனியில் இன்னும் முக்கால் மணி நேரம் ஊதினேன். கிளாரினெட் அண்ணன் அவர் பாகத்தை மட்டும் வாசித்தார். வெளியே வந்து பைக் கண்ணாடியில் பார்த்தேன், வட்டம் லேசாகத்தான் இருந்தது. வீடு போய்ச் சேருவதற்குள் மறைந்துவிட்டது.

நோட்டின் இப்போதைய பக்கம்: இருபது நிமிஷப் பயிற்சிக்கு வட்டம் 6 நிமிஷம். காலண்டர் தாள் 17 நொடி. மேல் ஜி பத்துக்கு எட்டு. அதற்கு மேல் ஏ பத்துக்கு இரண்டு, அந்த இரண்டிலும் லேசாக 'ங்க்' கேட்கிறது. வேகமாக நாக்கடித்து, அதாவது ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாக்கால் தட்டித் தொடங்கி, ஊதும்போது தோள் இன்னும் ஏறுகிறது. அதை இன்னும் தொடவே இல்லை. ஆகஸ்ட் பவனிக்கு நாலு மாதம் இருக்கிறது. நாளைக் காலை முதல் நாக்கடிப்பு, மெதுவாக, கீழ் ஜியிலிருந்து.