பழைய காரில் ஐந்து கியர் பெட்டி: லீவரை வளைப்பதற்கு முன்

பழைய காரில் நாலு கியர் பெட்டியைக் கழற்றி ஐந்து கியர் பெட்டி போடும்போது பெல்ஹவுசிங், கிளட்ச் பிளேட், புரொப்பெல்லர் ஷாஃப்ட் பற்றியெல்லாம் முன்கூட்டியே கணக்குப் போடுவார்கள். கியர் லீவரைப் பற்றிய யோசனை மட்டும் கடைசியில்தான் வரும். டனலில் (கியர் பெட்டியை மூடும் தரை மேட்டில்) கண்ட இடத்தில் ஓட்டை போட்டு, லீவரைச் சூடுபண்ணி வளைத்து, வேலை முடிந்தது என்று சாவியைக் கொடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்த கார்களில் மூன்றாவது கியர் போட்டால் விரல் முட்டி டேஷ்போர்டில் இடிக்கும், இரண்டாவது கியர் இறக்கத்தில் தானாகக் கழன்றுகொள்ளும். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் கியர்பாக்ஸ் அல்ல, லீவர்தான்.

ஐந்தாவது கியரின் பயன் உண்மையானது. 3.909 விகித டிஃபரன்ஷியல் உள்ள எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் கார், 90 கி.மீ. வேகத்தில் நாலாவது கியரில் ஏறக்குறைய 3,100 ஆர்பிஎம்மில் ஓடும். பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் ஐந்து கியர் பெட்டியில் ஐந்தாவதின் விகிதம் 0.814 என்பதால் அதே வேகத்துக்கு 2,500 போதும். சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையிலேயே சத்தம் குறைவது தெரியும். எல்லை தாண்டி மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110-இல் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

பெட்டியை வாங்கும் முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு, அனுமதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி கிடைக்காமலும் போகலாம் என்பதால், கழற்றித் திரும்பப் பழையபடி ஆக்கக்கூடிய வேலையையே எப்போதும் பரிந்துரைப்பேன். பழைய லீவரை வெட்டாதீர்கள், பத்திரமாக எடுத்து வையுங்கள்.

முதல் வேலை அளவெடுப்பது, அதுவும் பழைய பெட்டி காரில் இருக்கும்போதே. நியூட்ரலில் குமிழின் நடுப்புள்ளி டேஷ்போர்டின் கீழ் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம், டனலின் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு உயரம், காரின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகல் என்று மூன்று அளவுகள். பிறகு ஒவ்வொரு கியரிலும் குமிழ் போய் நிற்கும் இடம். சீட் மாட்டியிருக்க வேண்டும், நீங்கள் வழக்கமாக ஓட்டும் நிலையில் அது நகர்த்தப்பட்டிருக்க வேண்டும். நம் ஊரில் ஸ்டியரிங் வலப்பக்கம். அதனால் ஐந்தாவது கியர் ஓட்டுநரின் இடது முழங்காலை நோக்கி வரும். பழைய நாலு கியர் பெட்டியில் இல்லாத இந்தச் சிக்கலைப் பலர் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் கவனிக்கிறார்கள்.

புதிய பெட்டியை வைத்த பின், இன்ஜினும் பெட்டியும் அவற்றின் இறுதி மவுண்டுகளில் உட்கார்ந்து, கார் நாலு சக்கரத்தில் நிற்கும்போதுதான் லீவரின் இடத்தைக் குறிக்க வேண்டும். ஜாக்கியில் தாங்கிய பெட்டியை வைத்து எடுத்த அளவு எதற்கும் உதவாது. பெட்டியின் வால் (பின்முனை) கொஞ்சம் இறங்கினாலே குமிழின் இடம் மாறிவிடும். எம்எக்ஸ்-5 பெட்டியைப் போடுகிறவர்கள் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மூல காரில் அந்தப் பெட்டியின் பின்பக்கத்தை டிஃபரன்ஷியல் வரை போகும் ஒரு நீளச் சட்டம் தாங்குகிறது. உங்கள் காரில் அது இருக்காது. மவுண்ட்டையும் கிராஸ்மெம்பரையும் நீங்களே செய்ய வேண்டும், லீவர் வேலை அதற்குப் பிறகுதான்.

இப்போது பழைய குமிழுக்கும் புதிய குமிழுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 50 மி.மீ.க்குள் இருந்தால் லீவரை வளைக்கலாம். அதற்கு மேல் போனால் வளைக்காதீர்கள், லீவரின் மூட்டையே (அது அசையும் அடிப்பந்தையே) நகர்த்துங்கள். இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மூட்டிலிருந்து குமிழ் 250 மி.மீ. உயரத்திலும், வளைத்ததால் 100 மி.மீ. பின்னாலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நியூட்ரலிலிருந்து முதல் கியருக்கு 50 மி.மீ. முன்னே தள்ளினால் குமிழ் 20 மி.மீ. மேலேயும் எழும். இரண்டாவதுக்கு இழுத்தால் 20 மி.மீ. கீழே இறங்கும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது மொத்தம் 40 மி.மீ. ஏற்ற இறக்கம். கை இதற்குப் பழகவே பழகாது.

ஓட்டுநர் பக்கமாக வலப்புறம் வளைப்பது இன்னும் மோசம். குமிழ் மூட்டின் நேர்மேலே இல்லாததால், முன்னே தள்ளும்போதெல்லாம் லீவர் தன் அச்சில் திருகப் பார்க்கும். அதைத் தடுப்பது மூட்டுப் பந்தில் உள்ள சின்ன பின்னும் அது உட்காரும் பள்ளமும்தான். அவை தேயத் தொடங்கினால் கியர் வரிசையே குழம்பும், மூன்றாவதைத் தேடினால் முதலாவது கிடைக்கும்.

மூட்டை நகர்த்தும் வழிகளில் ஆகச் சிறந்தது, அதே குடும்பத்துப் பெட்டியின் வேறு வால் பகுதியைத் தேடுவது. ஒரே பெட்டியை வெவ்வேறு கார்களில் போட்டபோது தயாரிப்பாளர்களே லீவரை வெவ்வேறு இடங்களில் வைத்திருக்கிறார்கள். முஸ்டாங்கில் வந்த போர்க்-வார்னர் டி5 பெட்டிக்கு செவர்லே எஸ்-10 பிக்கப்பின் வாலைப் போட்டு லீவரை முன்னே கொண்டுவருவது அமெரிக்காவில் நெடுநாளைய வழக்கம். டொயோட்டா டபிள்யூ வரிசைப் பெட்டிகளிலும் காருக்குக் கார் லீவரின் இடம் மாறும். ஜோகூரில் ஹாஃப்-கட் (பாதியாக வெட்டிய பழைய கார்) கடைகளில் பெட்டி பார்க்கும்போது விலைக்கு முன்னால் லீவரின் இடத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். வாலை மாற்றினால் செலக்டர் ராடும் (கியரைத் தேர்ந்து நகர்த்தும் கம்பியும்) சேர்ந்து மாற வேண்டும். மெயின் ஷாஃப்டின் நீளமும் ஸ்பீடோமீட்டர் கியரின் இடமும் ஒத்துவர வேண்டும்.

அது கிடைக்காவிட்டால், தள்ளி இருக்கும் லீவரை ஒரு ராட் மூலம் பெட்டியோடு இணைக்கும் ரிமோட் ஷிஃப்டர் செய்ய வேண்டும். பெட்டியின் மேல் மூடி போல்ட்டுகளிலேயே ஒரு 10 மி.மீ. அலுமினியத் தகட்டை இறுக்கி, அதன் மேல் இரண்டு வெண்கலப் புஷ்களில் 16 மி.மீ. எஃகு ராட் ஒன்றை வைக்கிறோம். அது முன்னும் பின்னும் வழுக்க வேண்டும், திரும்பவும் வேண்டும். ராடின் பின்முனையில் உள்ள விரல் பழைய லீவரின் அடிமுனை உட்கார்ந்த பள்ளத்துக்குள் இறங்கும். முன்முனையில் புது லீவரின் அடிமுனை பிடிக்கும் கிண்ணம் இருக்கும். புது லீவரின் மூட்டு, குமிழுக்கும் அந்தக் கிண்ணத்துக்கும் நடுவே இருக்க வேண்டும். அப்போதுதான் குமிழை முன்னே தள்ளினால் விரல் பின்னே போகும், மூல லீவர் செய்ததைப் போலவே. லீவரின் மூட்டை ராடுக்குக் கீழே வைத்தால் ஒன்றும் இரண்டும் இடம் மாறிவிடும்.

அடுத்த சிக்கல் பக்கவாட்டு அசைவில் இருக்கிறது. பின் விரல் ராடிலிருந்து கீழே தொங்குகிறது என்றால், முன் கிண்ணமும் ராடின் அச்சுக்குக் கீழேயே இருக்க வேண்டும். கிண்ணம் மேலே இருந்தால் ராட் எதிர்ப்பக்கம் திரும்பும், ஐந்தாவது இருக்க வேண்டிய பக்கத்தில் முதலாவது வந்து நிற்கும். வெல்டிங் வைக்கும் முன் பெட்டியை மேசையில் வைத்து, கிளாம்பில் பிடித்து எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள்.

ரிமோட்டின் மூட்டை ஒருபோதும் டனலில் இறுக்காதீர்கள். பெட்டி ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜினோடு சேர்ந்து அசையும், விட்டால் திரும்ப வரும். மூட்டு பாடியோடு நின்று பெட்டி மட்டும் நகர்ந்தால், யாரும் தொடாமலே ராட் இழுபடும், கியர் கழலும். கழலும் பெட்டிகளைப் பிரித்து சின்க்ரோ (கியர்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் வளையம்) மாற்றிப் பணத்தை வீணாக்கும் முன் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூட்டும் புஷ்களும் அனைத்தும் பெட்டியோடு சேர்ந்தே அசையட்டும். டனலின் ஓட்டை மட்டும் எல்லா கியரிலும் லீவரைச் சுற்றி 12 முதல் 15 மி.மீ. இடைவெளி தரட்டும்.

ராடுக்கும் புஷ்ஷுக்கும் 0.05 மி.மீ. இடைவெளி போதும். லீவர் விகிதம் ஐந்துக்கு ஒன்று என்றால் அடியில் 0.5 மி.மீ. ஆட்டம் குமிழில் 2.5 மி.மீ. ஆகிவிடும். மூட்டுகள் கூடக்கூட ஆட்டமும் கூடும், அதனால் யுனிவர்சல் ஜாயிண்ட் இல்லாமல் நேர்கோட்டில் முடிக்க முடிந்தால் அதுவே நல்லது.

வளைக்கத்தான் வேண்டும் என்றால், புதிய பெட்டியின் லீவரில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் சூடு அதைக் கருக்கிவிடும். அதற்கு மேலே வெட்டி, மேல்துண்டைப் புதிதாகச் செய்யுங்கள். முதலில் 6 மி.மீ. பட்டையில் நீள்துளை போட்டு, இரண்டு எம்8 போல்ட்டில் நகர்த்தி நகர்த்திப் பார்க்கக்கூடிய ஒரு சோதனை லீவர் செய்யலாம். அதோடு சீட்டில் உட்கார்ந்து எல்லா கியரையும் போட்டுப் பார்த்த பிறகு உண்மையான லீவரை டிக் வெல்டிங் செய்யுங்கள். பந்தைச் சுற்றி ஈரத்துணி கட்டுங்கள். குமிழின் மரையும் மாறும்: டொயோட்டாவில் எம்12×1.25, எம்எக்ஸ்-5 காரில் எம்10×1.25. பழைய குமிழே வேண்டும் என்றால் லேத்தில் ஒரு உட்புஷ் கடைந்துகொள்ளலாம்.

எல்லாம் மாட்டியதும் ஒரு சோதனை. லீவர் இல்லாமல் ஸ்க்ரூடிரைவரால் செலக்டரை நகர்த்தி, ஒவ்வொரு கியரிலும் அது ‘டக்’ என்று உட்காரும் இடத்தில் பெயிண்டால் கோடு போடுங்கள். பிறகு லீவர், ரப்பர் பூட் (லீவரின் அடியை மூடும் உறை), கன்சோல் எல்லாம் மாட்டி அதே கோட்டுக்கு வருகிறதா என்று பாருங்கள். 2 மி.மீ. குறைந்தாலும் லீவர் எங்கோ முட்டுகிறது. பாதி மட்டும் பிடித்த கியர் சரிவில் கழலும், நாளடைவில் பல்லின் முனையும் மழுங்கும்.

ரிவர்ஸ் தடுப்பை மறக்காதீர்கள். தூக்கியோ அழுத்தியோ போடும் வளையம் பழைய லீவரோடு போயிருந்தால், புதியதில் அதைத் திரும்பச் செய்தே ஆக வேண்டும். ஐந்தாவதிலிருந்து இறக்கும்போது கை தவறி ரிவர்ஸ் பக்கம் போகக்கூடாது. ரிவர்ஸ் விளக்கின் சுவிட்சுக்கும் ஒயர் இழுங்கள்.

பழைய பெட்டிகளில் பிளாஸ்டிக் புஷ்ஷைக் கட்டாயம் மாற்றுங்கள். டொயோட்டா டி50-இல் லீவர் மூடியை அழுத்தி இடப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும், உள்ளே இருக்கும் புஷ் பெரும்பாலும் பொடியாகியிருக்கும். எம்எக்ஸ்-5 பெட்டியில் லீவர் கோபுரத்துக்குத் தனி எண்ணெய் உண்டு, சுமார் 90 மி.லி. 75டபிள்யூ-90. உள் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் எண்ணெய் போய்விடும், சூடும் சத்தமும் மேலே வரும்.

டனலை வெட்ட நேர்ந்தால் அதன் குறுக்குச் சட்டங்களைத் தொடாதீர்கள், பாடியின் பலம் அதில் இருக்கிறது. 25 மி.மீ. விளிம்பு விட்டு வெட்டி, 1.2 மி.மீ. தகட்டு மூடியை எம்6 ரிவ்நட்டில் இறுக்குங்கள். அடியில் ஒரு பூட், மேலே ஒரு பூட் என்று இரண்டு வேண்டும். நம் மழையும் புகைக்குழாயின் சூடும் ஒரே ஓட்டை வழியாக வரும், புகை கசிந்தால் கார்பன் மோனாக்சைடும் அதே வழிதான். சிங்கப்பூரின் கிளாசிக் கார் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள் மட்டும் ஓடும் காரில் ரப்பர் ஓடாமலே காய்ந்து வெடிக்கும், ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூட்டைத் தூக்கிப் பாருங்கள். ரிமோட் தகட்டின் போல்ட்டுகளுக்கு நீல லாக்டைட் போட்டு, முதல் 200 கி.மீ. ஓடியதும் ஒருமுறை இறுக்கம் சரிபாருங்கள்.