அடித்து எழுதிய சொல்

நான்கு பக்கக் கடிதம். மடிப்பு விழுந்த இடங்களில் மை மங்கியிருந்தது. முதல் வரியில் ‘அன்புள்ள அக்கா’ என்று எழுதி, ‘அன்புள்ள’வை மட்டும் அடித்திருந்தார். அதற்கு மேலே, இன்னும் சிறிய எழுத்தில், மறுபடியும் ‘அன்புள்ள’. கொண்டுவந்தவருக்கு அறுபது வயதிருக்கும். எழுதி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, தபாலில் சேர்க்கவே இல்லை என்றார். “இதைப் பாட்டாக்கித் தர முடியுமாம்மா?”

பாட்டு எழுதுவது என் தொழில். அனுப்பாத கடிதங்களைப் பாடலாக்கித் தருவதும் சில வருடங்களாக அதில் சேர்ந்துகொண்டது. கடிதமும் பாட்டும் ஒன்றாக வருவது நமக்குப் புதிதல்ல. புலவர்கள் புரவலர்களுக்குச் சீட்டுக்கவி எழுதினார்கள். கடிதமே செய்யுளாகப் போனது. ஆனால் அது போய்ச் சேர வேண்டும் என்று எழுதப்பட்டது. என் மேஜைக்கு வருபவை, எழுதியவரே தடுத்து நிறுத்தியவை. எந்த இடத்தில் கை நின்றது என்று தேடுவதுதான் என் முதல் வேலை.

அதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுவிடுவேன்: இந்தப் பாட்டை யார் கேட்கப்போகிறார்கள்? அனுப்பிய கடிதம் என்றால் தாள் பெற்றவருக்கு, சொற்களின் உரிமை எழுதியவருக்கு. அனுப்பாததில் இரண்டும் எழுதியவருடையவைதான். இருந்தாலும் உள்ளே இன்னொருவர் இருக்கிறாரே. அவர் சம்மதம் நம்மிடம் இல்லை. வெளியே போகும் பாட்டென்றால் பெயர், ஊர், அடையாளம் எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். இவர், “இப்போதைக்கு நான் மட்டும்தான்” என்றார்.

நான்கு நிமிடப் பாட்டில் நூறு, நூற்றிருபது சொற்கள் உட்காரும். கடிதத்தில் ஆயிரத்துக்குக் குறையாமல் இருந்தன. யார் முதலில் பேச்சை நிறுத்தியது, யார் பக்கம் நியாயம் என்ற வழக்கு மட்டும் இரண்டரைப் பக்கம். அதெல்லாம் போய்விடும். பாட்டில் நியாயம் பேசினால் கேட்பவர் நீதிபதியாகிவிடுவார், கூட அழ மாட்டார்.

மூன்றாம் பக்கத்தின் அடியில் இருந்தது நான் தேடிய இடம். ‘நீ வந்து கதவைத் தட்டினபோது நான் உள்ளேதான் இருந்தேன்.’ அதற்குப் பிறகு எழுத்தே மாறியிருந்தது. வேறொரு நாள், வேறொரு பேனா.

அங்கேதான் நான் தவறு செய்தேன். இசையமைப்பாளர் முன்பே ஒரு மெட்டு கொடுத்திருந்தார். நல்ல மெட்டு. அதற்குள் அந்த வரி அடங்கவில்லை. ‘மூடிய கதவின் பின்னே மௌனமாய் நின்றேன்’ என்று எழுதினேன். மோனை சரியாக விழுந்த திருப்தி எனக்கு. வாசித்துக் காட்டியதும் கடிதம் கொண்டுவந்தவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “மௌனமா எல்லாம் நிக்கலம்மா. உள்ளேதான் இருந்தேன்” என்றார்.

இருபது வருடமாக அவரை அறுத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு ‘தான்’. நான் அதை எடுத்துவிட்டு மௌனத்தை வைத்திருந்தேன்.

மெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். வார்த்தை முதலில் இருக்கட்டும், அதற்கு மெட்டு போடுங்கள் என்று கேட்டேன். மெட்டுக்குப் பாட்டு எழுதியே பழகிய எனக்கு அப்படிக் கேட்கவே கூச்சமாக இருந்தது. இசையமைப்பாளர் அந்த வரியைப் பத்து முறையாவது பேசிப் பார்த்திருப்பார். உள்ளேதான் இருந்தேன். தந்தானா தனந்தா. பேசும்போது ‘தான்’ எவ்வளவு அழுந்துகிறதோ அதே அழுத்தத்தில் தாளமும் விழுந்தது. அதுவே பல்லவி ஆயிற்று. ஒரு சொல்லும் என்னுடையது இல்லை.

அடித்து எழுதிய அந்த ‘அன்புள்ள’வை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. காது மங்கத் தொடங்கிய இசைமேதை பேத்தோவன் 1802 அக்டோபரில் தன் தம்பிகள் இருவருக்கும் எழுதிய கடிதம் அப்போது நினைவுக்கு வந்தது. அதையும் அவர் அனுப்பவில்லை. 1827இல் அவர் இறந்த பிறகு காகிதங்களுக்கு நடுவே கிடைத்தது. கார்ல் என்ற தம்பியின் பெயர் அதில் இருக்கிறது. யோஹானின் பெயர் வர வேண்டிய இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. ஏன் என்று ஆய்வாளர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த வெற்றிடமே போதுமாக இருந்தது. எழுத முடியாத சொல்லுக்கும் தாளில் ஓர் இடம் உண்டு, அப்படியானால் தாளத்திலும் உண்டு.

ஆகவே பல்லவி வரும் ஒவ்வொரு முறையும் ‘அக்கா’வுக்கு முன்னால் மூன்று அட்சரம், அதாவது தாளத்தில் மூன்று எண்ணிக்கை, வெறுமையாக விட்டோம். தம்பூரா மட்டும் போய்க்கொண்டிருக்கும். கடைசித் தடவை மட்டும் அந்த மூன்று அட்சரத்தில் ‘அன்புள்ள’ வந்து உட்காரும்.

பதிவு அன்று அவரும் வந்திருந்தார். பாடிய பையனுக்கு நல்ல குரல். கடைசி ‘அக்கா’வை நீட்டி, கமகம் கொடுத்து, மெல்லத் தேய்த்து முடித்தான். எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்தார், பிறகு மைக்கருகே குனிந்தார்.

“அவ்வளவு நீட்ட வேண்டாம் தம்பி. நான் சட்டுன்னுதான் கூப்பிடுவேன்.”

இசையமைப்பாளர் பென்சிலை எடுத்து இரண்டு அட்சரத்தை அடித்தார். இன்னொரு தடவை போனோம்.