கீழதான் சார்

ரிப்பேருக்கு விட்ட காரை எடுக்க என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த பெரியவர், "சத்தம் எங்கிருந்து தம்பி வந்துச்சு?" என்று கேட்டார். "கீழதான் சார்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. தலையை ஆட்டிவிட்டு, பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இது நடந்து மூன்று வருடம் ஆகிறது.

பொய் சொல்லவில்லை. பிஸ்டன்கள் சுற்றுகிற கிராங்க் தண்டின் முனையில் இருக்கும் சக்கரம், கிராங்க் புல்லி, அதுவும் கீழேதான் இருக்கிறது. அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதே இதை எனக்குள் சொல்லிக்கொண்டேன். பொய் இல்லை என்றால் எதற்கு அதைச் சொல்லிச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

வண்டி 1997 மாடல் மாருதி 800. கார்புரேட்டர் வண்டி. இந்த மாடலை 2014 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் திண்டுக்கல்லில் இன்றைக்கும் சாமான் கிடைக்கிறது, ஓட்டவும் ஆள் இருக்கிறார்கள். இவர் தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். சிறுமலையில் மனைவி வழியில் கொஞ்சம் தோட்டம், மாதம் இரண்டு தடவையாவது ஏறி இறங்குவார். "டொக் டொக்னு ஒரு சத்தம் தம்பி. ஏத்தத்துலயும் முன்ன மாதிரி இழுக்கல" என்றார். "வயசாச்சுல்ல சார், வண்டிக்கு" என்றேன். சிரித்தார். அவர் சொன்னதில் பாதியைத்தான் நான் காதில் வாங்கினேன் என்பது பிறகுதான் புரிந்தது. சத்தத்தை எடுத்துக்கொண்டேன், இழுக்காததை அந்தச் சிரிப்போடு விட்டுவிட்டேன். பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்த வண்டியை ஏற்றிப் பழகியவர் அவர். நான் ஓட்டிப் பார்த்ததோ பைபாஸ் வரைக்கும்தான்.

முறையாகத்தான் பார்த்தேன். இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். கிளட்சை மிதித்தேன், சத்தத்தில் மாற்றம் இல்லை. அதனால் கிளட்ச் பேரிங் இல்லை. வாட்டர் பம்ப்பையும் டைனமோவையும் சுற்றும் வெளிப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தேன், சத்தம் அப்படியே இருந்தது. வாட்டர் பம்ப்பும் டைனமோவும் இல்லை. அடுத்தது வால்வைத் தள்ளும் டப்பட்டா என்று கேட்டுப் பார்த்தேன். அதை இயக்கும் கேம் ஷாஃப்ட் கிராங்கின் வேகத்தில் பாதிதான் சுற்றும், அதனால் டப்பட் சத்தம் மெல்லிசாக, 'டிக் டிக்' என்று நிதானமாக வரும். இது கனத்த சத்தம், கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் ஒரு தட்டு. நீள ஸ்க்ரூ டிரைவரை சேம்பரில், அதாவது என்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். கீழே இருந்துதான் வந்தது. கடைசியாக பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். நடு சிலிண்டர் வயரைப் பிடுங்கியதும் சத்தம் பாதியாகக் குறைந்தது.

அதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்? எரியும்போது பிஸ்டனைத் தள்ளும் அந்தத் தள்ளு இல்லாமல் போனால், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் ராடு, தேய்ந்த பேரிங்கில் அடிப்பது குறையும். ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்து பிக் எண்ட் பேரிங் போய்விட்டது என்று சொல்ல எந்த மெக்கானிக்குக்கும் இது போதும். "எட்டாயிரத்து ஐந்நூறு ஆகும் சார், சேம்பரை இறக்கணும்" என்றேன். மறுபேச்சு பேசாமல் சாவியைக் கொடுத்தார்.

பெல்ட்டைக் கழற்றியபோது என் கை புல்லிக்கு நாலு விரற்கடை தூரத்தில் இருந்தது. பிடித்து ஒரு ஆட்டு ஆட்டியிருந்தால் போதும்.

மறுநாள் காலை ஆயிலை இறக்கினேன். தட்டில் விழுந்த ஆயிலைத் தொட்டு, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்து, பல்ப் வெளிச்சத்தில் பார்த்தேன். கறுப்பாக இருந்தது, அவ்வளவுதான். பேரிங் போன வண்டியின் ஆயிலில் மீன் செதில் மாதிரி மினுமினுப்பு தெரியும். இதில் ஒன்றும் இல்லை. ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும் பிரஷர் லைட்டும் வண்டி ஓடும்போது ஒரு நாளும் எரிந்ததில்லை என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். நிறுத்தியிருக்க வேண்டிய இடம் இது. அப்போது அது தெரியாமல் இல்லை. நெஞ்சுக்குள் லேசாக ஒன்று இறங்கியது. அதற்குள் சேம்பர் போல்ட்டில் பாதி கழன்றிருந்தது. பாதி கழற்றிய வேலையை முடித்துவிடத்தான் கை போகிறது.

நான் அடியில் படுத்திருந்தேன். பையன் மேலிருந்து புல்லியின் நடு போல்ட்டில் ஸ்பானரை மாட்டி கிராங்கைச் சுற்றிக் கொடுத்தான். ஒரு தடவை, "அண்ணே, போல்ட்டு மட்டும் கொஞ்சம் சுத்துதுண்ணே" என்றான். "பேசாம சுத்துடா" என்றேன். கண்ணில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது.

மூன்று ராடு கேப்பையும் கழற்றிப் பார்த்தேன். பேரிங் சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தது. இரண்டாவதில் முடி கனத்துக்கு ஒரு கீறல். ரொம்பத் தேய்ந்தால் தெரியும் தாமிரம் எங்கேயும் தெரியவில்லை. இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஓடாமலும் போயிருக்கலாம், யார் கண்டது? புதுப் பேரிங் பெட்டியைப் பிரிக்காமல்தான் வைத்திருந்தேன். கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். அவருக்கு ஒரு போன் போட்டு, "சார், நான் நினைச்சது இல்ல போலிருக்கு" என்று சொல்லியிருக்கலாம். பெட்டியைப் பிரித்தேன்.

எல்லாம் பூட்டி, புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தால், டொக் டொக் டொக்.

பையன் என்னைப் பார்க்கவில்லை. கழிவுத் துணியை எடுத்து ரொம்ப நேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அந்த போல்ட்டுண்ணே" என்றான், அதுவும் மெதுவாக.

புல்லியைக் கழற்றினால் கதை வெளியே வந்தது. வெளிப் புல்லிக்குப் பின்னால், வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டைச் சுற்றுகிற டைமிங் புல்லி கிராங்க் முனையில் நழுவாமல் இருக்க, அரை நிலா மாதிரி ஒரு சின்ன இரும்புத் துண்டு உட்காரும். கீ என்போம். நடு போல்ட் லூசானதில், அந்தக் கீ ஒரு பக்கம் தேய்ந்து பாதியாகிவிட்டிருந்தது. டைமிங் புல்லி ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னும் பின்னும் ஆடி அடித்திருக்கிறது. கிராங்கோடு சுற்றுவதால் அதே தாளம், அதே கனம். ஒரு சிலிண்டரை நிறுத்தினால் கிராங்கின் குலுக்கல் மாறும், கூடவே அந்த அடியும் மாறும். புல்லி நழுவியதில் வால்வு திறக்கும் நேரமும் பிளக் பொறி விடும் நேரமும் சேர்ந்து பின்தங்கியிருந்தன. ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று அவர் சொன்னது அதுதான்.

கீயும் டைமிங் புல்லியும் புதுசு போட்டு, பீரோவில் இருந்த, அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்சை எடுத்துப் போல்ட்டை இறுக்கினேன். சத்தம் போனது. பெல்ட்டைக் கழற்றி மாட்டுவதையும் சேர்த்து ஒன்றரை மணி நேர வேலை.

இதோடு முடிந்திருந்தால் கணிப்பு தவறிவிட்டது என்று விட்டுவிடுவேன். அன்று சாயங்காலம் பழைய நோட்டைப் புரட்டினேன். எதற்குப் புரட்டினேன் என்று தெரியவில்லை, தெரிந்தும்தான் புரட்டியிருப்பேன். இரண்டு வருடம் முன்பு, இதே வண்டி, என் கையெழுத்து: 'டைமிங் பெல்ட், கிராங்க் ஆயில் சீல்.' பெல்ட் மட்டும் மாற்றினால் அந்த நடு போல்ட்டைத் தொட வேண்டியதே இல்லை. டைமிங் புல்லிக்குப் பின்னால், ஆயில் கசியாமல் தடுக்கும் சீலை மாற்ற அதைக் கழற்றியே ஆக வேண்டும். அன்று அதை இறுக்கியது நானா, அப்போதிருந்த பழைய பையனா, நினைவில் இல்லை. நானாக இருந்தால் பாக்ஸ் ஸ்பானரில் பைப்பைச் செருகி, கைப்பழக்கத்தில்தான் இறுக்கியிருப்பேன். இருபது வருடமாக அப்படித்தான் இறுக்குகிறேன். வேறு எந்த வண்டியிலும் கழன்றதில்லை. அதாவது, எனக்குத் தெரிந்து.

ஆக, என் போல்ட் கழன்றது, அதன் சத்தத்தை நானே வேறு நோய் என்று சொன்னேன், அதற்கு எட்டாயிரத்து ஐந்நூறு வாங்கினேன். கீக்கும் புல்லிக்கும் காசு போடவில்லை. அன்றைக்கு அதைப் பெரிய மனசு என்றுகூட நினைத்தேன். பில்லில் எழுதினால் "இது எதுக்குத் தம்பி?" என்று கேட்பார். எழுதாததற்குக் காரணம் அதுதான். பையன் பில்லை எட்டிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் நல்ல மனிதர், "பரவால்ல தம்பி" என்றுதான் சொல்லியிருப்பார். ஒரு வேளை சொல்லாமல் விட்டது அதற்காகத்தானோ? சண்டை போடுகிற ஆளிடம் சொல்லிவிடலாம், திருப்பிச் சண்டை போடலாம். மன்னித்துவிடுகிற ஆளிடம் நின்று கேட்டுக்கொள்ள அன்று எனக்குத் தெம்பு இல்லை. இதுவும் பிறகு யோசித்து ஒட்டிய காரணம்தான். அந்த நிமிடத்தில் வாய் தானாகச் சொன்னது, "கீழதான் சார்". டாக்டர்கள் சொல்கிற 'இன்ஃபெக்‌ஷன்' மாதிரி, எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடிக்கொள்ளும் வார்த்தை. எங்கள் தொழிலில் இப்படி நிறைய இருக்கின்றன. 'உள்ள', 'கீழ', 'அடைப்பு', 'ஏர் இழுக்குது'.

அதற்கப்புறம் அவர் ஆயில் மாற்ற வந்தபோது இருநூறு ரூபாய் குறைத்துச் சொன்னேன். "எல்லாருக்கும் வாங்கறத வாங்குங்க" என்று முழுசாகக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் கிராங்க் சத்தம் என்று 800 வந்தால் முதலில் புல்லியைத்தான் ஆட்டிப் பார்க்கிறேன். பாடம் கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம்தான். போன மாதம் அப்படி ஒரு வண்டி வந்தது. புல்லி லேசாக ஆடுகிற மாதிரி கைக்குத் தெரிந்தது. அரை நாள் அதைக் கழற்றி மாட்டினேன், ஒன்றுமில்லை. பேரிங்தான் போயிருந்தது, ஆயில் முழுக்க மினுமினுப்பு. அந்த மினுமினுப்பை முதலில் பார்த்திருந்தால் அரை நாள் மிச்சம். "எங்கண்ணே சத்தம்?" என்று வண்டிக்காரப் பையன் கேட்டான். "கீழதான்" என்றேன். இந்தத் தடவை அது முழு உண்மை. ஆனாலும் எங்கள் பையன் தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தான்.

சென்ற வாரம் பெரியவர் வந்தார், ஒரு சீப்பு சிறுமலைப் பழத்தோடு. தோல் கறுத்து, நல்ல கனிந்த பழம். கூட வந்த யாரோ ஒருவரிடம், "என்ஜினையே பிரிச்சுக் கட்டிக் கொடுத்தது இவருதான். அன்னைக்கு இருந்து ஏத்தத்துல சும்மா பறக்குது" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை, பறக்கத்தான் செய்யும். பையன் ஒரு பழத்தைப் பிய்த்து உரித்தான். எனக்கும் ஒன்று நீட்டினான். கையெல்லாம் கிரீஸ் என்று சொல்லிவிட்டு, அவர் வண்டியின் பானட்டைத் தூக்கினேன். சும்மாதான். அந்த போல்ட்டில் ஸ்பானரை வைத்துப் பார்த்தேன், அசையவில்லை.

"என்ன தம்பி, ஏதாவது இருக்கா?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார்."