பச்சையாகத் தெரிந்த வார்டு

முதல் மூன்று மாதமும் 'தண்ணி' என்ற ஒரு சொல்லோடுதான் போனது.

மாநகராட்சிக்கு வரும் புகார்களைப் படித்து, எது எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று செயற்கை நுண்ணறிவே பிரித்து அனுப்பும்படி செய்வது எங்கள் குழுவின் வேலை. 2015 ஜூனில் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தமிழ்நாட்டின் 11 நகரங்கள் இருந்தன; நாங்கள் வேலை செய்த நகரமும் அவற்றில் ஒன்று. கட்டுப்பாட்டு அறை, சுவர் முழுக்கத் திரை, கேமராக்கள் எல்லாம் நாங்கள் போவதற்கு முன்பே வந்துவிட்டன. புகார்களைப் பிரிப்பதை மட்டும் இரண்டு பெண்கள் கையால் செய்துகொண்டிருந்தார்கள். மழைக்காலத்தில் அவர்களுக்குச் சாப்பிட எழுந்திருக்கக்கூட நேரம் இருக்காது.

'தண்ணி வரல' என்றால் குடிநீர்ப் பிரிவு. 'தண்ணி போகல' என்றால் பாதாளச் சாக்கடை. 'தண்ணி நிக்குது' என்றால் பெரும்பாலும் மழைநீர் வடிகால். மூன்றிலும் இருப்பது தண்ணிதான். இதில் பாதிப்பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள், அதுவும் ஆளுக்கொரு விதமாக. சொல்லைத் தேடிப் பிரிக்கும் பழைய வழி இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. அப்புறம் கூகுள் வெளியிட்ட 'மியூரில்' என்ற மொழி மாதிரியை, அதாவது எழுதியதைப் படித்துப் பொருள் பிரிக்கப் பழக்கிய செயற்கை நுண்ணறிவை, எடுத்தோம். தமிழ் உட்பட 17 மொழிகளில் பயிற்சி பெற்றது அது. ஆங்கில எழுத்தில் எழுதிய இந்திய மொழிகளும் அதற்குப் பழக்கம். அந்த இரண்டு பெண்களும் வருஷக்கணக்கில் பிரித்து வைத்திருந்த புகார்களைக் கொடுத்து அதை மேலும் பழக்கினோம். வேலை செய்தது. என்னைக் கேட்டால் அது அவர்களுடைய அறிவு. நாங்கள் அதை இயந்திரத்துக்குக் கடத்தினோம், அவ்வளவுதான்.

அவர்களில் மூத்தவர் ஒருநாள் 'தண்ணி நாறுது' என்ற புகாரைத் தொட்டுக் காட்டினார். "இது வந்தா நான் வரிசையில போடமாட்டேன் சார். ஃபிட்டருக்கு நேரா போன் அடிச்சிருவேன்" என்றார். காரணம் எனக்குப் பிறகுதான் முழுசாகப் புரிந்தது. நம் ஊர்களில் குடிநீர் இருபத்துநான்கு மணி நேரமும் வருவதில்லை. சப்ளை நின்றதும் குழாயில் அழுத்தம் குறைந்துவிடும். அந்த நேரத்தில் எங்காவது ஒரு விரிசல் இருந்து, பக்கத்தில் சாக்கடையும் ஓடினால், அந்த நீர் குழாய்க்குள் இறங்கும். மறுபடி தண்ணீர் விடும்போது முதலில் வீட்டுக்கு வருவது அதுதான். வயிற்றுப்போக்கு ஒரு தெரு முழுக்கப் பரவ இது போதும். அதனால், ஒரே குழாய்ப் பாதையில் இருக்கும் இரண்டு வீடுகளிலிருந்து 'நாறுது', 'கலங்கலா வருது' என்று வந்தாலே எச்சரிக்கை போகும்படி வைத்தோம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

திரையில் வார்டுகளுக்கு நிறம் கொடுத்தோம். புகார் அதிகம் என்றால் சிவப்பு, நடுத்தரம் என்றால் மஞ்சள், குறைவென்றால் பச்சை. ஒரு வார்டு மாதக்கணக்கில் பச்சையாகவே இருந்தது. கூட்டங்களில் அதை நல்ல உதாரணமாகக் காட்டினோம். நானே காட்டியிருக்கிறேன். ஒருநாள் வேறு வேலையாக வந்த ஃபிட்டர் ஒருவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "அது என் ஏரியா தம்பி. காலையில ஒரு நாள் வந்து பாருங்க" என்றார்.

விடியற்காலை ஐந்தரை மணிக்குப் போனேன். குறுகலான தெரு, ஓரமாகத் திறந்த சாக்கடை. வீடுகளுக்குப் போகும் குழாய்கள் அந்தச் சாக்கடைக்குள் இறங்கித்தான் ஏறின. தண்ணீர் வந்ததும் ஒரு அக்கா குடத்தை வைத்தார். நிரம்பியதும் அப்படியே தெருவில் ஊற்றினார். அடுத்த குடம். அதையும் ஊற்றினார். மூன்றாவதைக் கையில் அள்ளி மோந்து பார்த்தார். "முதல்ல வர்றத கொட்டிருவோம் தம்பி, அப்புறம் தெளிஞ்சிரும்" என்றார். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டேன். "என் சின்னவன் பொறந்ததுல இருந்து." அவன் அருகில் பள்ளிச் சீருடையில் நின்றிருந்தான்.

புகார் கொடுக்க ஒரு செயலி இருப்பது அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. அவர்கள் ஃபிட்டரிடம் சொல்வார்கள், அவர் தன் நாற்பது பக்க நோட்டில் குறித்துக்கொள்வார். தெரு, தேதி, என்ன கோளாறு என்று எல்லாம் அதில் இருந்தது. எங்கள் கணினியில் ஒன்றுகூட இல்லை. அந்த மொழி மாதிரி தப்பாகக் கணிக்கவில்லை. புகார் கொடுக்கிறவர்களின் ஊரைத்தான் அது படித்திருந்தது; நாங்கள் அதை முழு ஊர் என்று நம்பிவிட்டோம்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக, தகவல் வராத வார்டுகளைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றச் சொன்னேன். பச்சை குறைந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று எங்கள் பக்கத்திலேயே எதிர்ப்பு வந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஃபிட்டர்களின் நோட்டுகளை வாரம் ஒருமுறை வாங்கிப் பதிவேற்ற அந்த இரண்டு பெண்களும் சம்மதித்தார்கள். பேசியே புகார் சொல்ல ஒரு எண்ணையும் கொடுத்தோம். அந்தத் தெருக் குழாய்களைச் சாக்கடைக்கு மேலே தூக்கி மாற்றும் வேலை ஆரம்பித்தது, இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது.

போன மழையின்போது அந்த வார்டு முதன்முறையாகச் சிவப்பானது. வந்த குரல் பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒன்றில் பின்னால் குடம் நிரம்பும் சத்தம் கேட்டது.