கட்டடத்தைத் தட்டிப் பார்த்த பிறகுதான் கிரயம்

ஈரோட்டில் பெட்ஷீட், துண்டு மொத்த வியாபாரம் எங்களுக்கு. பத்து வருடத்துக்கு மேல் வாடகைக் கடையில் இருந்துவிட்டு, 2021-ல் சொந்தமாக ஒரு கட்டடம் வாங்கலாம் என்று நானும் மச்சானும் முடிவு செய்தோம். புரோக்கர் அண்ணன் காட்டிய கட்டடம் 1996-ல் கட்டியது. கீழே கடைகள், மேலே இரண்டு மாடி, முன்னால் லாரி நிற்க இடம். விலை 1 கோடியே 85 லட்சம். புதிதாக வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. "பில்டிங் கல்லு மாதிரிங்க, கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்றார்.

வக்கீல் முப்பது வருட வில்லங்கம், தாய்ப்பத்திரம், பட்டா எல்லாம் பார்த்து டைட்டில் சுத்தம் என்று எழுதிக் கொடுத்தார். பேங்க் வேல்யூயர் வந்து அளந்தார், போட்டோ எடுத்தார், அரை மணி நேரத்தில் கிளம்பினார். இரண்டு பேரும் அவரவர் வேலையைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் வக்கீல் பார்த்தது காகிதத்தை, வேல்யூயர் பார்த்தது கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்பதை. மாடி எங்கள் சரக்கைத் தாங்குமா என்று பார்க்க யாருமே வரவில்லை.

எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. நண்பர் ஒருவர் வாங்கிய குடோனில் ஆறே மாதத்தில் மேல்தளத்துப் பூச்சு பெயர்ந்து விழுந்து, கீழே வேலை செய்த பையனுக்குத் தோளில் அடிபட்டிருந்தது. அதனால் டோக்கன் மட்டும் கொடுத்துவிட்டு, கிரய ஒப்பந்தம் போடும் முன் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்துக் கட்டடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டோம். கட்டடத்துக்காரர், எழுபது வயதுப் பெரியவர், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். டெஸ்ட் செலவையும் சேர்த்து இன்ஜினியருக்கு நாங்கள் கொடுத்தது 38,000 ரூபாய். மச்சானுக்கு அது தண்டச் செலவாகத் தெரிந்தது.

இன்ஜினியர் வந்ததும் சுவரைப் பார்க்கவில்லை. "பேல் எல்லாம் எங்கே அடுக்கப் போறீங்க?" என்று எங்கள் துணிக் கட்டுகளைப் பற்றிக் கேட்டார். முதல் மாடியில் என்றேன். உடனே அனுமதி வாங்கிய பிளான் காப்பியைக் கேட்டார். அதில் மேல் மாடி இரண்டும் வீடு என்று இருந்தது. "வீட்டுத் தளத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோன்னுதான் கணக்கு வெச்சு டிசைன் பண்ணுவாங்க. சில்லறைக் கடைன்னா 400. சரக்கு அடுக்குற குடோன்னா குறைஞ்சது 750. நீங்க ஆள் உயரத்துக்குப் பேல் அடுக்கினா என்ன ஆகும்னு பாருங்க" என்றார். இந்திய தரக் குறியீட்டிலேயே, ஐஎஸ் 875 இரண்டாம் பாகத்தில், இந்த அளவுகள் இருக்கின்றனவாம். இத்தனை வருடம் துணி வியாபாரம் செய்தும், தளத்துக்கு இப்படி ஒரு கணக்கு உண்டு என்று எனக்குத் தெரியாது. அன்று அவர் அதற்கு மேல் எதையுமே பார்க்காமல் போயிருந்தாலும் கொடுத்த பணம் தகும்.

ஆனால் அன்று சாயங்காலம் வரை இருந்தார். சின்னச் சுத்தியலால் மேல்தளத்தைத் தட்டிக்கொண்டே நடந்தார். நல்ல இடம் 'டங்' என்று கேட்டது. கழிவறைக்குக் கீழே இருந்த இடம் மட்டும் 'டொப்' என்றது. அங்கேதான் பெயிண்டும் மற்ற இடத்தைவிடப் புதிதாக இருந்தது. பக்கத்துப் பில்லரில் சின்னதாக ஒரு குழி போட்டு, தூசியைத் துடைத்து, பினாப்தலீன் கரைசலைத் தெளித்தார். காங்கிரீட்டில் காரத்தன்மை மிச்சம் இருந்தால் அது ரோஸ் நிறமாகும், காரம் போயிருந்தால் நிறமே வராது. காரம் இருக்கும்வரை உள்ளே கம்பி எளிதில் துருப்பிடிக்காது என்பதால்தான் இந்தச் சோதனை. முன்பக்கப் பில்லர் நொடியில் நல்ல ரோஸ் ஆனது. கழிவறைப் பக்கத்துப் பில்லரில் கம்பி வரைக்கும் சாம்பல் நிறம் அப்படியே இருந்தது. மச்சான் பக்கத்தில் வந்து நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு செலவைப் பற்றி அவர் பேசவில்லை.

அப்புறம் காங்கிரீட்டின் உறுதியைக் கணிக்கும் ரீபவுண்டு ஹேமரை வைத்துப் பில்லர், பீம் ஒவ்வொன்றாக அழுத்தி அளவு குறித்தார். மொட்டை மாடியில் தட்டோடு பல இடத்தில் விரிந்திருந்தது. கரண்டு போர்டைத் தெர்மல் கேமராவில் காட்டினார். ஒரே ஒரு ஒயர் முனை மட்டும் மற்றவற்றைவிடச் சூடாகத் தெரிந்தது. இணைப்பு தளர்ந்திருந்தால் அப்படித்தான் சூடாகுமாம். எர்த் குழி காய்ந்து கிடந்தது, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி எங்குமே இல்லை. துணி வைக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும்.

மின் கட்டண அட்டையையும் வாங்கிப் பார்த்தார். இரண்டாம் மாடி வீட்டு இணைப்பில் தையல் யூனிட் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரச் சட்டம் 126-ஆவது பிரிவில் இது அங்கீகாரமில்லாத பயன்பாடு, பிடித்தால் உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு போடுவார்கள் என்று வக்கீலும் உறுதி செய்தார். வில்லங்கச் சான்றில் இதெல்லாம் வராது.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. உடனே செய்ய வேண்டியது, ஒரு வருடத்துக்குள் செய்ய வேண்டியது, கவனித்து வர வேண்டியது என்று பிரித்து, போட்டோவுடன் எழுதியிருந்தார். ரிப்பேர் மதிப்பீடு 11 லட்சத்துச் சொச்சம்.

அதை எடுத்துக்கொண்டு போனபோது பெரியவர் முகம் வாடிவிட்டது. "என்ற கட்டடத்தைக் குறை சொல்லத்தான் ஆளைக் கூட்டிட்டு வந்தீங்களா தம்பி?" என்றார். எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. ஒழுகிய இடத்தில் கொத்தனார் பூசிக் கொடுத்ததை நம்பியிருந்தார், அவ்வளவுதான். ரிப்போர்ட்டை அவரிடமே கொடுத்து, "உங்களுக்குத் தெரிஞ்ச இன்ஜினியர்கிட்ட காட்டுங்க ஐயா, அவர் சொல்றதையும் கேட்போம்" என்றேன். ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். விலையில் 8 லட்சம் குறைத்துக்கொண்டார், மின் இணைப்பைக் கிரயத்துக்கு முன்பே வணிக இணைப்பாக மாற்றித் தருவதாகவும் ஒப்புக்கொண்டார். சொன்னபடி செய்தார். புரோக்கர் பேச்சில் மட்டும் நடந்திருந்தால் இரண்டு பக்கமும் கோபத்தில்தான் முடிந்திருக்கும். கையில் போட்டோவும் அளவும் இருந்ததால் பில்லரைப் பற்றி மட்டுமே பேசினோம்.

வாங்கியபின் பேல் முழுவதையும் தரைத்தளத்திலேயே வைத்தோம். முதல் மாடி ஆபீசும் மடிப்பு வேலையும் ஆனது. இடம் கொஞ்சம் நெருக்கடிதான், ஆனால் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

2024-ல் எங்களுடைய பழைய ஷெட் ஒன்றை விற்க வேண்டி வந்தது. இந்த முறை புரோக்கருக்குச் சொல்லும் முன்பே அதே இன்ஜினியரைக் கூப்பிட்டேன். இரும்புத் தூண்களில் இரண்டு, தரையை ஒட்டிய இடத்தில் துருவேறிப் போயிருந்தன. சொத்து வரி ரசீதில் இருந்த பரப்பளவு உண்மையில் இருப்பதைவிடக் குறைவு. பின்பக்கம் போட்ட சாய்ப்பு கணக்கில் ஏறவே இல்லை. தூண்களை வெல்டிங் செய்து சரிசெய்தோம், வரியைத் திருத்திக் கட்டினோம். எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம் ஆனது. கூரைச் சிமெண்ட் அட்டை பழையது, மாற்ற வேண்டும். அதை மட்டும் அப்படியே விட்டு, எழுதிக் கொடுத்து விலையைச் சொன்னோம்.

"தெரிஞ்ச குறையைச் சொல்லித்தான் விற்கணும்" என்றார் வக்கீல். 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆவது பிரிவிலேயே இருக்கிறதாம். வாங்குகிறவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை அவர் சொல்லியாக வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன். பெரியவர் அன்று எங்கள் முன்னால் வாடி உட்கார்ந்திருந்தது எனக்கு மறக்கவில்லை.

வாங்க வந்த பெருந்துறைப் பையன் தன் இன்ஜினியரோடுதான் வந்தான். எங்கள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொன்றாகச் சரி பார்த்தார். நாங்கள் விட்டிருந்தது ஒன்றே ஒன்று. மழைத் தண்ணீர் வடியும் தகரக் கால்வாய் வாட்டம் தவறி நின்றது. டீ குடித்துக்கொண்டே அதற்கு 20,000 குறைத்தோம். அந்த வாரத்திலேயே ஒப்பந்தம். கிரயம் முடிந்த அன்று பட்டா, வரி ரசீதோடு வெல்டிங் பில்லையும் கேட்டு வாங்கிப் போனான்.

எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடிச் சுவரில் ஒரு விரிசல் உண்டு. இன்ஜினியர் அதன் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, தேதி எழுதி வைத்திருக்கிறார். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். மாதம் ஒரு தடவை ஏறிப் போய்ப் பார்க்கிறேன், இதுவரை உடையவில்லை. ஐப்பசி மழை முடிந்ததும் அவரும் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.