பேரில்லாத டொக்டர்

14.12.2024, சனி, ஒட்டுசுட்டான்

வெள்ளம் வடிந்தும் வயலில் முழங்கால் சேறு. அப்பா வெறுங்காலோடுதான் இறங்குகிறார். பூட்ஸ் போட்டால் சேறு விடாதாம்.

இரவு குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு வொயிஸ் மெசேஜ். யாழ்ப்பாணத்தில் புது வைரஸாம், ஆஸ்பத்திரியில் மறைக்கிறார்களாம், வேப்பிலையும் மஞ்சளும் அவித்துக் குடித்தால் அண்டாதாம். பேசுவது யார், எப்போது பேசியது, ஒன்றும் இல்லை. 'பெரிய டொக்டர்' என்று மாமி போட்டிருந்தா. மச்சாள் அதற்குள் மஞ்சளை எடுத்து வைத்துவிட்டாள்.

15.12, ஞாயிறு

அது எலிக்காய்ச்சல் என்று செய்தியிலேயே வந்திருக்கிறது. வைரஸ் அல்ல, லெப்டோஸ்பைரா என்ற பக்டீரியா. எலி, மாடு போன்றவற்றின் சலம் (சிறுநீர்) கலந்த தண்ணீரிலிருந்து காயம், வெடிப்பு வழியாக உடம்புக்குள் போகும். அப்பாவின் குதிக்காலைப் பார்த்தேன். கோடையில் வெடித்த குளத்து மண்தான்.

மாலையில் அடுத்த வொயிஸ்: "எல்லாரும் டொக்ஸிசைக்கிளின் வாங்கிப் போடுங்கோ." அது பக்டீரியாவுக்கு எதிரான குளிசை; எலிக்காய்ச்சல் வராமலிருக்க இங்கே கமக்காரருக்குக் கொடுப்பதுதான். ஆகவே இது முழுப் பொய்யும் இல்லை. அதுதான் தலையிடி.

16.12, திங்கள்

பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து நிறுத்துப் பார்க்கும் கொக்ரேன் என்ற அமைப்பு 1993 முதல் இருக்கிறது. எலிக்காய்ச்சல் தடுப்பு பற்றி 2009இல் அவர்கள் வெளியிட்டதன் சுருக்கத்தை மூன்று தரம் வாசித்தேன். கிழமைக்கு ஒருதரம் 200 மில்லிகிராம் டொக்ஸிசைக்கிளின் எடுத்தால் குமட்டலும் வாந்தியும் கூடுகிறது, தடுக்கும் பலன் தெளிவில்லை என்கிறார்கள். எனக்கு ஏமாற்றம்தான். ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல் கிடைக்கும் என்றல்லவா தேடினேன். அப்படியென்றால் இங்கே கமக்காரருக்கு ஏன் கொடுக்கிறார்கள்?

17.12, செவ்வாய்

பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சேரிடமே போனில் அந்தச் சுருக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியை உயர்த்திவிட்டு ஆறுதலாக வாசித்தார்.

"எழுதியிருக்கிறது சரிதான் தங்கச்சி. ஆனா வெள்ளத்துக்குள்ள நாள் முழுக்க நிக்கிற ஆக்களுக்கு ஆபத்துக் கூட, அதால குடுக்கிறம். குளிசையை நம்பி வெறுங்காலோட இறங்கச் சொல்லேல்லை."

பிறகு, வீட்டில் யாராவது பிள்ளைத்தாச்சியோ என்று கேட்டார். மச்சாளுக்கு ஐந்து மாதம், களை பிடுங்கவும் போகிறவள். அவளுக்கு இந்தக் குளிசை கூடாது, வயலுக்கும் விடவேண்டாம் என்றார். எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. வொயிஸில் 'எல்லாரும்' என்றுதானே இருந்தது! அவள் காசு கொடுத்துப் பாமசிக்கு ஆள் அனுப்ப இருந்தாள்.

19.12, வியாழன்

அப்பா வெறும் வயிற்றில் குளிசையைப் போட்டுவிட்டுப் போய் வரம்பில் வாந்தி எடுத்தார். சாப்பிட்டபின், நிறையத் தண்ணியோடு என்று நேற்றே சொன்னேன். கேட்டால்தானே.

கலண்டரின் பின்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன்: காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு, சலம் குறைவு என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வயலில் நின்றதையும் சொல்லவேண்டும்.

21.12, சனி

அப்பா இன்று பூட்ஸோடு போனார். பின்னேரம் ஒரு பூட்ஸோடு வந்தார். மற்றது சேற்றுக்குள்.